பிரம்பு கற்பிக்கும் உரிமை

“இது என்னுடையது” என்று சொல்லக் குழந்தை மிக விரைவில் கற்றுக்கொள்கிறது. “இது நம்முடையது” என்று சொல்லக் கற்பதற்கு நெடுங்காலம் ஆகிறது. ஒரு பொருள் தனக்கு உரியது என்று ஒருவன் சொல்லும்போது அவன் கூறுவதுதான் யாது? பிறர் தொடலாகாது என்பதா? தான் விரும்பியதெல்லாம் செய்யலாம் என்பதா? அன்றி, அதைக் காக்கும் கடமை தன்னைச் சார்ந்தது என்பதா? இவ்வினாவிற்கு விடையை நூல்களில் தேடுவது நம் வழக்கம். நம் நாட்டுக் காடுகளில் வளரும் பிரம்பினிடத்தும் அதற்கு ஒரு விடை உண்டு.

பிரம்பு என்றதும் தமிழ்ப்பள்ளியில் பயின்ற நம் தலைமுறையினர்க்கு ஆசிரியரின் கைக்கோலே முதலில் நினைவுக்கு வரும். ஆனால், அதன் பெரும்பயன் முடைதலிலேதான் உள்ளது. பிரம்பு பனைக் குடும்பத்தைச் சேர்ந்த முட்கொடி. பிற மரங்களைப் பற்றி ஏறுவது. அதன் இனங்கள் பல. ‘ரோத்தான் மானாவ்’ ஒற்றைத் தண்டாக வளரும். வெட்டினால் அதன் வாழ்வு முடிந்துவிடும். ‘ரோத்தான் செகா’ புதராக வளரும். முற்றிய தண்டை வெட்டினால் இளந்தண்டுகள் மேலெழும். முன்னதை எடுப்பவன் நாற்றைப் பற்றி எண்ண வேண்டும். பின்னதை எடுப்பவன் எதை விட்டுவைப்பது என்று எண்ண வேண்டும். எண்ணாமல் எடுப்பவனுக்கு இரண்டும் நிலைப்பதில்லை.

போர்னியோத் தீவின் காலிமந்தான் பகுதியில் டாயாக் மக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து செகாவைப் பயிரிட்டு வருகின்றனர். காட்டைத் திருத்தி நெல் விதைக்கும்போதே பிரம்பையும் நடுவர். நெல் அறுவடை முடிந்தபின் அந்நிலத்தை மீண்டும் காடாக விடுவர். வளரும் மரங்களைப் பற்றிப் பிரம்பு ஏறும். முதல் அறுவடைக்கு 7 முதல் 10 ஆண்டுகள் வரை ஆகும். நெல்லை விதைத்தவன் அவ்வாண்டே உண்பான்; பிரம்பை நட்டவனோ தன் மகன் தோளளவு வளரும்வரை காத்திருப்பான்.

சரவாக்கின் பெனான் மக்களிடம் இன்னும் ஆழ்ந்த ஒரு கருத்து உண்டு. நாடோடிகளாக வாழ்ந்த அவர்களுள் பெரும்பாலோர் இன்று நிலையான குடியிருப்புகளில் வாழ்கின்றனர். காட்டில் ஒரு பிரம்புப் புதரையோ, சவ்வரிசிப் பனைக் கூட்டத்தையோ, பழமரத்தையோ கண்டவர் அதில் ஓர் அடையாளமிட்டுத் தமக்குரியதாக்குவார். அச்செயலுக்கு ‘மோலோங்’ என்று பெயர். உரிமை கோருதலும் பேணிக் காத்தலும் ஆகிய இரண்டு பொருளும் அவ்வொரு சொல்லில் அடங்கும். முற்றியதை மட்டும் எடுத்து, இளையதை வளரவிட வேண்டும். அவ்வுரிமை பிள்ளைகளுக்கும் பேரர்களுக்கும் வழிவழியாகச் செல்லும். வள்ளுவர் ஒப்புரவறிதல் அதிகாரத்தில் நல்லோர் செல்வத்திற்கு ஊருக்குள் பழுத்த பயன்மரத்தை உவமையாக்கினார். அம்மரம் இன்று பசித்தவரின் பசியைத் தீர்க்கும். மோலோங் இட்ட புதரோ இனிப் பிறக்கப்போகின்றவர்க்கும் பயன் தரும்.

பெனான் பெண்டிர் முடையும் கூடையைக் காண்பவர் இக்கருத்தைக் கண்ணாலேயே காணலாம். ஆணியில்லை, பசையில்லை. ஒவ்வோர் இழையும் தன்னைக் குறுக்கிடும் இழையின் அசைவைக் கட்டுப்படுத்துகிறது, தானும் கட்டுப்படுகிறது. அக்கட்டுப்பாடே கூடையின் வலிமை. ஓரிழை உருவப்பட்டால் சுமை சிந்தும்.

“பொதுப்பொருள் என்றால் எல்லாரும் சுரண்டத்தானே செய்வர்?” என்று சிலர் வினவலாம். 1968ஆம் ஆண்டில் காரெட் ஹார்டின் என்னும் அமெரிக்க அறிஞர் ஏறத்தாழ இவ்வாறே வாதிட்டார். ஆனால், எலினோர் ஆஸ்ட்ரம் என்னும் அம்மையார் 1990இல் வெளியிட்ட நூலில் வேறோர் உண்மையை எடுத்துக்காட்டினார். சுவிட்சர்லாந்தின் மலைப் புல்வெளிகளையும் ஜப்பானியச் சிற்றூர்க் காடுகளையும் மக்கள் தாமே விதி வகுத்து, தாமே கண்காணித்து, பல தலைமுறைகள் காத்து வந்துள்ளனர். 2009இல் அவருக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

ஆயினும் ஓர் இடர்ப்பாடு உண்டு. அடையாளத்தை மதிக்கத் தெரிந்தவரிடையேதான் அடையாளம் செல்லும். மரவெட்டு எந்திரம் அதைப் படிப்பதில்லை. 1987ஆம் ஆண்டில் பெனான் மக்கள் மரவெட்டுப் பாதைகளின் குறுக்கே தடை அமைத்து நிற்க நேர்ந்தது. அவர்கள் உரிமையை எழுதி வைத்திருந்தது காட்டில். பிறர் கேட்டதோ தாளில். ஆகவே, உரிமை அடையாளத்தினால் மட்டும் நிலைப்பதில்லை. அதைக் காண்பவரின் மனச்சான்றும் துணைநிற்க வேண்டும்.

அம்மனச்சான்றை வளர்ப்பது யார் பணி? ஆசிரியப் பெருமக்களே, அது நம் பணியன்றோ! நூலகத்து நூலின் ஏட்டைக் கிழிக்கும் மாணவன் அது யாருக்கும் உரியதன்று என்று எண்ணுகிறான். தனக்குப்பின் அதைப் படிக்கப்போகும் முகமறியாத மாணவனை அவன் எண்ணிப் பார்த்ததில்லை. அவனை எண்ணிப் பார்க்கச் செய்வது தண்டனையினும் கடினமான பணி. ஆனால் நிலைத்த பயன் தருவது.

தமிழில் ‘உரிமை’ என்னும் சொல்லுக்கு நெருக்கம் என்னும் பொருளும் உண்டு. அன்புடையவரை “உரிமையோடு பேசுகிறார்” என்கிறோம். நம் முன்னோர் சொல்லில் வைத்துச் சென்ற அப்பொருளை மாணவர் நெஞ்சில் பதியச் செய்வோம். பிரம்பை அடிக்கும் கோலாக மட்டுமே அறிந்த நம் வகுப்பறைகளில், அதை முடையும் இழையாகவும் அறிந்த ஒரு தலைமுறை உருவாகட்டும்.