குச்சிக்கா பயம்?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் பஸ்ஸில், பக்கத்து சீட்டு டீச்சர் சொன்ன கதை இது.

2021 ஜனவரி. பத்து மாத கொரோனா அடைப்புக்குப் பிறகு 10, 12-ம் வகுப்புகளுக்கு மட்டும் பள்ளி திறந்திருந்த நேரம். மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதிக்க ஆட்கள் வந்திருந்தார்கள். ஒரு பையன் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

"வலிக்காதுப்பா" என்றிருக்கிறார் டீச்சர்.

"வலிக்காக இல்ல டீச்சர். எனக்கு இருக்குன்னு சொல்லிட்டா, அம்மாவை மில்லுக்கு விட மாட்டாங்க. போனாத்தான் கூலி."

மூக்கு வலிக்கு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். உப்பு நீரைத் தொண்டையில் கொப்பளித்துக் குழாயில் துப்பினால் போதும் என்றொரு முறையை, 2021 மே மாதம் நாக்பூர் 'நீரி' ஆய்வு நிறுவனம் அறிவித்தது. அதே மாதம் ஜெர்மனியின் ஒரு மாநிலத்தில், ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் குச்சியை லாலிபாப் மாதிரி சப்பிக் கொடுத்தார்கள். வகுப்புக் குச்சிகளெல்லாம் ஒன்றாகப் பரிசோதிக்கப்படும். வைரஸ் தென்பட்டால்தான் தனித்தனியாகப் பார்ப்பார்கள்.

நல்ல முறைகள்தான். ஆனால் எப்படிச் சோதித்தாலும், நோய் இருந்தால் கடைசியில் ஒரு பெயர் வெளியே வருமே! அந்தப் பெயரை நாம் என்ன செய்தோம்? 2020-ல் வாசலில் நோட்டீஸ் ஒட்டினோம். தெருவில் தகரம் அடித்தோம். 'அந்த வீட்டுப் பக்கம் போகாதே' என்றோம்.

"அதுக்காக டெஸ்ட் வேண்டாம்னு ஓடலாமா?" என்று கேட்பீர்கள். கூடாதுதான். பக்கத்து பெஞ்சுப் பையன் வீட்டில் ஆஸ்துமா பாட்டி இருக்கலாம். ஆனால், ஊருக்காக அவன் மூக்கை நீட்ட வேண்டும் என்றால், அவன் வீட்டு அடுப்பை ஊர் பார்த்துக்கொள்ள வேண்டாமா?

ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டியில், காயத்துக்குக் கட்டும் துணி நெய்கிறார்கள். கட்டுப் போடுவார்கள் என்று நம்பித்தானே காயத்தைக் காட்டுகிறோம்? அடிப்பார்கள் என்றால் யாராவது காட்டுவார்களா?

டீச்சர் தொடர்ந்தார். "நானே அன்னிக்கு லீவு போடலாமான்னு நினைச்சவதான் சார். அவனைப் பார்த்ததும் வெட்கமாயிடுச்சு. நான்தான் முதல்ல போய் உட்கார்ந்தேன். 'உனக்கு வந்தா, அத்தனை நாளும் அரிசி பருப்பு என் பொறுப்பு'ன்னேன். வந்துட்டான்."

"பாசிட்டிவா?" என்று ஆவலாகக் கேட்டேன்.

டீச்சர் சிரித்தார். "அதைச் சொல்ல மாட்டேன் சார்."

நீங்களும் அதைத்தானே கேட்க நினைத்தீர்கள்?