பச்சை விளக்கு போதுமா?

டக் கட்டிங் 1999-இல் எழுதிய லூசீன் என்ற தேடல் நிரலகம்தான் சோலர், எலாஸ்டிக்சர்ச் ஆகிய இரு தேடுபொறிகளுக்கும் அடித்தளம். ஆகவே எதைத் தேர்ந்தெடுப்பது என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். உழைப்பெல்லாம் தேர்ந்தெடுத்ததை ஓட்டுவதில்தான். எலாஸ்டிக்சர்ச்சில் வட்டு 95 சதவீதம் நிரம்பினால், மாற்றாமல் விட்ட அமைப்பில், அதிலுள்ள இண்டெக்ஸ்கள் (தேடலுக்கான சொல் அட்டவணைகள்) புதிதாக எதையும் எழுத விடாமல் பூட்டிக்கொள்ளும். எச்சரிக்கை அதற்கு வெகு முன்பே வந்தாக வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை வேறு. கண்காணிப்புத் திரை முழுக்கப் பச்சையாக இருக்கும். ஆனால் 'மரத்தை' என்று தேடியவருக்கு 'மரம்' கிடைத்திருக்காது. வேற்றுமை உருபைப் பிரிக்கக் கற்றுத்தராத இண்டெக்ஸுக்கு அவை இரண்டும் வேறு வேறு சொற்கள். எந்த அபாய மணியும் இதற்கு அடிக்காது. வெறுங்கையோடு திரும்பிய தேடல்களின் பட்டியலை வாரம் ஒருமுறையாவது ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும்; பயனர் தட்டிய சொல் அப்படியே அதில் இருக்கும்.