காட்சியும் கண்ணோட்டமும்

செம்பவாங்கில் ஒரு வெந்நீர் ஊற்று உண்டு. பூங்காவாகச் செப்பனிடப்பெற்று 2020ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அவ்விடத்தில், விடுமுறை நாள்களில் மக்கள் கால் நனைத்து இளைப்பாறுவர். முட்டை வேகவைத்து உண்டு மகிழ்வர். அந்நீரைச் சுடவைப்பது எரிமலையன்று; நிலத்தின் ஆழத்திலுள்ள பாறைகளின் வெப்பமே. சிங்கப்பூரில் எரிமலை இல்லை. ஆயின், நம் அண்டை நாடாகிய இந்தோனேசியாவிலோ இயங்கும் எரிமலைகள் நூற்றுக்கும் மேற்பட்டவை. நிலத்தின் வெப்பத்தைக் காலளவில் அறிந்தவர் நாம். அதன் மடியிலேயே வீடு கட்டி வாழ்பவர் அவர்.

இந்நாளில் நம் இளைஞர் பலர் முதுகிலே பை சுமந்து, குறைந்த செலவில் அந்நாட்டு மலைகளைக் காணச் செல்கின்றனர். நூலறிவோடு நில்லாது உலகறிவும் பெற விழையும் அவர்தம் ஆர்வம் போற்றத்தக்கது. எனினும், ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே எண்ணிப் பார்க்கவேண்டிய வினா ஒன்று இங்கே எழுகின்றது. பிறர் அச்சத்தோடு வாழும் இடத்தை நாம் காட்சிப் பொருளாகக் காணச் செல்லுதல் அறமாகுமா? ஆகுமெனின், எவ்வாறு செல்லுதல் அறம்?

ஒரு செயலைத் திட்டமிடுவோர்க்கு வள்ளுவர் நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வகுத்துள்ளார். அவை தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்பன. அரசர்க்கென வகுத்த அம்முறை பயணிக்கும் பொருந்துவதே. ஏறும் உயரத்தையும் சுமக்கும் எடையையும் தன் உடல் தாங்குமா என ஆராய்தல் வலியறிதல். ஜாவாவின் மழைக்காலத்தில் மலைமேற் படிந்த சாம்பல் நீரோடு கலந்து சேற்று வெள்ளமாய்ப் பாயக்கூடும் என்றறிந்து நாள் குறித்தல் காலமறிதல். இந்தோனேசிய அரசு ஒவ்வோர் எரிமலைக்கும் நான்கு படிகளில் எச்சரிக்கை நிலை அறிவிக்கின்றது. இயல்பு நிலைக்கு மேல் 'வஸ்பாடா', 'சியாகா', 'அவாஸ்' என அது உயரும். செல்லவிருக்கும் மலை எப்படியில் உள்ளது என வினவுதல் இடனறிதல். இவையனைத்தையும் ஆராய்ந்து துணிதலே தெரிந்து செய்தல்.

இத்துணையும் செய்தால் போதுமோ? போதாது என்பதே என் கருத்து. இந்நான்கும் செய்பவனின் வெற்றியையே நோக்குவன. அவ்வெற்றிக்காகவோ தோல்விக்காகவோ பிறர் செலுத்த நேரும் விலையை இவை மட்டும் கணக்கிடா.

"என் உயிர், என் துணிவு, இதில் பிறர்க்கென்ன?" என வினவும் இளைஞர் உண்டு. மேற்குச் சுமத்ராவிலுள்ள மாராப்பி எரிமலை அதற்கு விடை கூறும். அது 'வஸ்பாடா' நிலையில் இருந்தது. எரிவாய்க்கு மூன்று கிலோமீட்டர்க்குள் எவரும் செல்லலாகாது என அறிவுறுத்தப்பட்டும் இருந்தது. ஆயினும் மலையேறுவோர் சென்றுகொண்டிருந்தனர். 2023 டிசம்பர் 3ஆம் நாள் மலை வெடித்தது. 24 பேர் மாண்டனர். அதன் பின்னரும் மலை குமுறிக்கொண்டிருக்கையில், காயமுற்றோரையும் இறந்தோரையும் சுமந்து இறக்க மீட்புப் பணியாளர் மேலேறினர். அவர்களுக்கும் இல்லத்தே மனைவி மக்கள் இல்லையா? தனியொருவன் துணிவு அவனோடு முடிவதில்லை. அது பிறர் தோள்மேல் ஏறிக்கொள்கின்றது.

இனி, மலையடியில் வாழ்வோரை நோக்குவோம். ஜாவாவின் நடுவே உள்ள மெராப்பி 2010ஆம் ஆண்டு சீறியபோது முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். யோக்யகர்த்தா அரண்மனையால் மலைக்காவலராய் அமர்த்தப்பெற்றிருந்த முதியவர் மாரிஜான், தம் கடமை எனக் கருதிய இடத்தைவிட்டு நீங்க மறுத்து உயிர் துறந்தார். அவர் முடிவு சரியா தவறா என்பது வேறு வழக்கு. அவரைத் தடுத்து நிறுத்தியது ஒரு கடமையுணர்வு. உழவரை மீண்டும் மீண்டும் அம்மலைச் சரிவுக்கு அழைப்பதோ சாம்பலால் வளமுற்ற மண். நமக்கோ அங்கே கடமையும் இல்லை, கழனியும் இல்லை. விரும்பியபோது திரும்பிவரும் வாய்ப்பு நமக்கு உண்டு, அவர்க்கு இல்லை. இவ்வேற்றுமையே பயணியின் அறத்திற்கு அடிப்படை.

கிழக்கு ஜாவாவின் ஈஜென் மலையில் இரவில் தோன்றும் நீலச் சுடரைக் காண உலகெங்குமிருந்து மக்கள் வருகின்றனர். அதே பாதையில், நச்சுப் புகையினூடே எழுபது கிலோவுக்கும் மேற்பட்ட கந்தகத்தைத் தோளிற் சுமந்து தொழிலாளர் ஏறுகின்றனர். நம் முதுகுச் சுமை நாமே விரும்பி ஏற்றது. அவர் தோட்சுமை வயிற்றுக்காக ஏற்றது. ஒடுங்கிய வழியில் எதிர்ப்படும்போது ஒதுங்கி நிற்கவேண்டியவர் யார்? ஒப்புதல் பெறாது அவர் துன்பத்தைப் படமெடுத்தல் தகுமா? இவையும் பயணத் திட்டத்தைச் சார்ந்த வினாக்களே.

அவ்வாறாயின் வீட்டிலேயே இருந்துவிடுதல் நன்றோ எனச் சிலர் கேட்கலாம். நன்றன்று. சுமை தூக்கியோருள் சிலர் இன்று வழிகாட்டிகளாய் வாழ்வு நடத்துகின்றனர். நாம் செல்லாதொழிந்தால் அவர் கூலியும் ஒழியும். மேலும், அண்டை வீட்டாரின் வாழ்வை அறியாதிருத்தலை அறம் எனக் கொள்ளவியலாது. செல்லுதல் குற்றமன்று, காட்சியை மட்டும் கண்டு மீளுதலே குறை.

வள்ளுவர் அரசர்க்குரைத்த அதிகாரங்களுள் 'கண்ணோட்டம்' என்பதும் ஒன்று. இன்று நாம் அச்சொல்லைப் பார்க்கும் கோணம் என்ற பொருளில் வழங்குகின்றோம். அவர் அதனை இரக்கம் என்ற பொருளில் ஆண்டார். கண் பிறர்பால் ஓடிச் சென்று இரங்குதலே கண்ணோட்டம். முன்னர்க் கூறிய நான்கனோடு பயணி ஐந்தாவதாகச் சேர்க்கவேண்டியது இதுவே.

ஆகவே, பயணத் திட்டம் தீட்டும் மாணவர்க்கு ஆசிரியர் ஒன்று பழக்கலாம். செலவுக் கணக்கு எழுதும் அதே தாளில், "எந்நிலையில் நாம் திரும்பிவிடுவோம்?" என்ற வினாவிற்கும் விடை எழுதச் செய்க. அதனை வீட்டிலிருந்தே எழுதுதல் வேண்டும். மலைச்சரிவில் நின்று எண்ணினால் ஆசையே வழக்கறிஞராகி வாதாடும். வழிகாட்டி 'போதும்' என்றால் மறுசொல்லின்றி இறங்குவதும், அவர்க்குரிய கூலியைக் குறையாது கொடுப்பதும் அத்தாளில் இடம்பெறட்டும். மலையுச்சியைக் காணாது மீண்டவன் தோற்றவன் அல்லன். தன்னை மீட்கப் பிறர் உயிர் பணயம் வைக்கும் நிலையை உண்டாக்காதவன் அவன்.