ஒரே அந்தி, இரு விருந்தினர்

அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபின் ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டு புறநானூற்றில் 235ஆவது. பிரிந்தவனை எண்ணும்போது அவருக்கு முதலில் நினைவுக்கு வருவது வெற்றியோ வேலோ அல்ல, கள். கொஞ்சம் கிடைத்தால் முழுவதையும் பாணர் கூட்டத்துக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் அவர்கள் பாட, தானும் மகிழ்ந்து குடிப்பான். சோறு கொஞ்சமோ நிறையவோ, எப்போதும் பல கலங்களில் பங்காகும். நல்ல கறித்துண்டு விருந்தினருக்கு. வேல் பாயும் முன்வரிசை அவனுக்கு.

அதியமானின் தகடூர் இன்றைய தருமபுரி, கொங்கின் வடக்கு வாசல். ஔவையோ ஊர் ஊராக நடந்த பாடினி. வழிப்போக்கரும் ஊராரும் ஒரு விருந்தைப் பகிர்ந்துகொண்டதற்கு இதைவிட நெருக்கமான சான்று தமிழில் அரிது.

1981இல் திருக்கோவிலூரை அடுத்த ஜம்பைக் குன்றில் ஒரு தமிழி (தமிழ்ப் பிராமி) கல்வெட்டு வெளிப்பட்டது. அதியன் நெடுமான் அஞ்சி குகை உறைவிடம் ஒன்றைக் கொடையாக அளித்தான் என்கிறது அது. அசோகர் தம் கல்வெட்டுகளில் குறிப்பிடும் சத்தியபுத்திரர் என்ற குலப்பெயரும் அதில் இருக்கிறது. சங்கப் பாட்டின் அதியமானே இவன் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. குகையில் தங்கியவர்கள் சமணத் துறவிகள் என்பது பொதுவாக ஏற்கப்படுவது. அப்படியானால் அவர்கள் கள்ளின் பக்கமே போகாதவர்கள், ஊனைத் தொடாதவர்கள், பொழுது சாய்ந்தபின் உண்ணாதவர்கள். ஒரே தலைவன் பாணருக்குக் கள்ளும் கறியும் வைத்தான், துறவிக்கு நிழலும் கற்படுக்கையும் கொடுத்தான்.

இங்கேதான் ஒரு பழைய கேள்வி எழுகிறது. அன்போடு நீட்டிய கலத்தை மறுப்பது அறமா? தன் நோன்பை விருந்துக்காக விடுவது அறமா?

கொங்கு நாட்டுக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியாக இருந்திருக்க முடியாது. சமணம் இங்கே ஆழ வேரூன்றிய சமயம். பெருங்கதை தந்த கொங்குவேளிரின் ஊராகச் சொல்லப்படும் விஜயமங்கலத்தில் சமணக் கோயில் இன்றும் நிற்கிறது. நன்னூல் தந்த பவணந்தியைப் பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரம் தன் பிள்ளையாகக் கொண்டாடுகிறது. விளக்கொளிக்கு வரும் சிற்றுயிர் சோற்றில் விழுந்து சாகக்கூடாதென்று இருட்டுமுன் உண்டு முடிப்பது சமணர் வழக்கம். காட்டு வேலை முடிந்து, மாடு கட்டி, குடியானவர் வீட்டில் அடுப்பு மூட்டுவதோ இருட்டிய பிறகு. இரண்டும் ஒரே மண்ணில் நெடுங்காலம் அடுத்தடுத்து வாழ்ந்தன.

விருந்தும் விலக்கும் திருக்குறளிலும் உண்டு. 9ஆம் அதிகாரம் விருந்தோம்பல், 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. விருந்தை அவ்வளவு உயர்த்தியவர் விருந்துக்காகக்கூடக் கள்ளை அனுமதிக்கவில்லை. கள் மறுப்பு கொங்கின் தெருவுக்கும் வந்தது: 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தபோது பெரியார் சிறை சென்றார். அவர் மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும் மறியலைத் தொடர்ந்தார்கள். 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. வாளையார் தாண்டிப் பாலக்காட்டுப் பக்கம் போனால் அதுவே முறையான தொழில். பானையின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் கள்ளாக வேண்டிய அதே பனஞ்சாறு புளிக்காமல் தெளுவாகிறது, அதாவது பதநீர். விடிகாலைத் தோட்டத்தில் விருந்தாளிக்கு அதை ஊற்றிக் கொடுப்பார்கள்.

முனியப்பன் கோயில் கிடா விருந்துக்குப் போனால் கொங்கு மக்கள் இந்தச் சிக்கலை எப்படித் தீர்க்கிறார்கள் என்று பார்க்கலாம். "கவுச்சி உண்பீங்களா, இன்னைக்குக் கிழமைங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் பரிமாறுவார்கள். விரதம் என்றால் பருப்பும் ரசமும் வரும். யாரும் முகம் சுளிப்பதில்லை. அதே பந்தி, அதே வரிசை. உண்ணாதவர் எழுந்து போகத் தேவையில்லை, உண்பவர் கூசத் தேவையில்லை. தன் நாக்குக்கும் உடம்புக்கும் ஒருவர் போட்டுக்கொள்ளும் கட்டு விருந்துக்குப் பகையாவதில்லை. ரமலான் மாலைகளில் கோவை கோட்டைமேட்டுப் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி வாங்கத் தூக்குவாளியோடு நிற்பவர்களுக்கும் இது தெரியும். ஒரு சமயத்துக்கு உணவு முடிய வேண்டிய அந்தி, இன்னொன்றுக்கு உணவு தொடங்கும் அந்தி.

அடுத்தவர் கலத்தின் மேல் போடும் கட்டு வேறு வகை. அதற்கு நோன்பு என்று பேர் வைக்கக் கூடாது. இதே கொங்கு மாவட்டங்களின் தேநீர்க் கடைகளில் தலித் மக்களுக்குத் தனிக் குவளை வைத்திருந்ததைக் கள ஆய்வுகள் பலமுறை பதிவு செய்திருக்கின்றன. சில ஊர்களில் சிரட்டை. எச்சில், தீட்டு, வழக்கம் என்று அதற்குச் சமயத்தின் சாயம் பூசினார்கள். 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் உணவு விடுதியின் பாத்திரங்களைத் தீண்டாமை காரணமாக ஒருவருக்கு மறுப்பதைக் குற்றமாக்கியது. பிற்காலத்தில் சில கடைகள் காகிதக் குவளைக்கு மாறின. எல்லோருக்கும் காகிதம் என்றால் நல்லதுதான். சிலருக்குக் கண்ணாடி, சிலருக்குக் காகிதம் என்றால் அது பழைய சிரட்டையே.

ஔவையின் பாட்டைத் திரும்பப் படிக்கும்போது கள் இரண்டாவதாகிவிடுகிறது. சோறு பல கலங்களில் பங்கானது என்ற செய்திதான் மேலெழுகிறது. எந்தக் கலம் யாருக்கு என்ற பேச்சு அதில் இல்லை. கொங்கு நாட்டுக்கு வரும் விருந்தாளி தன் விரதத்தைத் தாராளமாகச் சொல்லலாம், வீட்டுக்காரர் மதிப்பார். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு எந்தக் குவளையில் தேநீர் வருகிறது என்பதையும் அந்த விருந்தாளி பார்க்க வேண்டும். வேறு குவளை வந்தால், தன் குவளையைக் கீழே வைத்துவிட்டுக் காரணம் கேட்க வேண்டும்.