கோடு போட்ட நாட்கள்

ஐப்பசி கடைசியில் நான்கு நாள் மழை விடவே இல்லை. மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் குழாய் ராத்திரியெல்லாம் இரைந்துகொண்டிருந்தது. ஹாலுக்குள் கயிறு கட்டித் துணி உலர்த்தினோம், அப்படியும் காயவில்லை. ஐந்தாம் நாள் காலை கம்ப்யூட்டரில் மழைக் கணக்கைத் திறந்தேன். நான்கு நாட்களுக்கு நேராகவும் 0.0 என்று இருந்தது.

மாடியில் சின்னதாக ஒரு வானிலைக் கருவி வைத்திருக்கிறேன். தாம்பரம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு 2015 டிசம்பர் 1 மறக்காது. 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியது; அதே மழைக்கு நுங்கம்பாக்கத்தில் பதிவானது 29 செ.மீ. ரயிலில் ஒரு மணி நேரம்கூட இல்லாத தூரத்துக்குள் இத்தனை வித்தியாசம். நம் தலைமேல் பெய்வதை நாமே அளந்துவைக்க வேண்டும் என்று அப்போது தோன்றியது. வாங்குவதற்குச் சில வருடம் ஆனது.

அது மழையை அளக்கும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். புனலுக்குக் கீழே, சீசா பலகை மாதிரி இரு பக்கமும் சாயக்கூடிய ஒரு குட்டித் தொட்டி. 0.2 மி.மீ. மழைக்கான தண்ணீர் சேர்ந்ததும் ஒரு பக்கம் சாய்ந்து கொட்டிவிடும். மறு பக்கம் மேலே வந்து ஏந்திக்கொள்ளும். ஒவ்வொரு சாய்வும் ஒரு எண்ணிக்கை. தூறலில் பக்கத்தில் நின்றால் நெடுநேரத்துக்கு ஒரு ‘டக்’ கேட்கும். பெருமழையில் அந்தச் சத்தம் ஒன்றின்மேல் ஒன்று விழும். எண்ணிக்கை மாடியிலிருந்து ரேடியோ அலையில் ஹாலில் இருக்கும் கன்சோலுக்கு வருகிறது. கன்சோல் வீட்டு வைஃபையில் சேர்ந்திருக்கிறது. கம்ப்யூட்டர் அதனிடம் கேட்டு வாங்கி நாள்வாரியாக எழுதிவைக்கிறது.

முதலில் மாடிக்குத்தான் ஓடினேன். புனலில் வேப்பஞ்சருகு அடைத்திருக்கும், இல்லையென்றால் பேட்டரி தீர்ந்திருக்கும் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. இறங்கி வந்து கன்சோல் திரையைப் பார்த்தால் மாதத்தின் மழை ஒழுங்காக ஏறியிருந்தது. ஆக, மாடிக்கும் ஹாலுக்கும் இடையே பழுதில்லை. ஹாலுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில்தான் எங்கோ அறுந்திருக்கிறது.

கன்சோலின் முகவரியாக நான் குறித்துவைத்திருந்த 192.168.1.4க்கு கம்ப்யூட்டரிலிருந்து பிங் அனுப்பினேன். உடனே பதில் வந்தது. திரும்பத் திரும்ப அனுப்பினேன். ஒன்றுகூடத் தவறாமல் பதில். பதில் வருகிறதென்றால் பாதை சரியாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? ஃபயர்வாலைச் சந்தேகப்பட்டு நிறுத்திப் பார்த்தேன். புரோகிராமை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். ராத்திரி ஒரு மணிவரை அப்படியே போனது.

மறுநாள் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, எந்தச் சாதனம் எந்த முகவரியில் இருக்கிறது என்ற பட்டியலைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. 192.168.1.4இல் இருந்தது எங்கள் வீட்டு டிவி. கன்சோல் 192.168.1.9க்குப் போயிருந்தது. ரவுட்டர் முகவரியை யாருக்கும் சொந்தமாக எழுதிக்கொடுப்பதில்லை, குத்தகைக்குத்தான் விடுகிறது. மழையின் முதல் நாள் கரண்ட் போய் வந்ததும் பழைய குத்தகைக் கணக்கை மறந்து, வந்து கேட்ட வரிசையில் புதிதாக வழங்கியிருக்கிறது. ராத்திரி முழுக்க எனக்குச் சலிக்காமல் பதில் சொன்னது டிவி. பிங் ‘அங்கே யாராவது இருக்கிறீர்களா’ என்று மட்டும்தான் கேட்கும். ‘நீங்கள் யார்’ என்று அதற்குக் கேட்கத் தெரியாது.

சரிசெய்தது ஐந்து நிமிட வேலை. ஒவ்வொரு சாதனத்துக்கும் தயாரிக்கும்போதே கொடுத்த ஒரு எண் உண்டு, மேக் முகவரி என்பார்கள். அந்த எண்ணோடு வரும் கன்சோலுக்கு எப்போதும் ஒரே முகவரியைக் கொடுக்கும்படி ரவுட்டரில் ஒதுக்கிவைத்தேன். கம்ப்யூட்டருக்கு மழை மறுபடி தெரிய ஆரம்பித்தது.

ஆனால் அந்த நான்கு 0.0 மனதைவிட்டுப் போகவில்லை. பூஜ்யம் என்று சொன்னது யார்? கன்சோல் சொல்லவில்லை. டிவிக்கு மழையைப் பற்றி எதுவும் தெரியாது. பதில் கிடைக்காத நேரத்திலெல்லாம் பூஜ்யம் என்று எழுதிக்கொள்ளும்படி புரோகிராமில் ஒரு வரி இருந்தது. அக்கா மகன் எழுதிக்கொடுத்த புரோகிராம் அது. கட்டம் காலியாக இருந்தால் மாத மொத்தம் கூட்டும்போது தகராறு வரும் என்று நான்தான் அப்படி வைக்கச் சொன்னேன். ‘மழை இல்லை’ என்பதும் ‘மழை பெய்ததா என்று தெரியவில்லை’ என்பதும் என் கணக்கில் ஒரே எழுத்தாகிவிட்டன. இந்தத் தடவை குழாய் இரைச்சல் காதில் விழுந்ததால் பிடிபட்டது. பங்குனியில் ஒருநாள் நான் ஊரில் இல்லாதபோது இணைப்பு அறுந்து, அன்றைக்கென்று அரைமணி நேரம் கோடை மழை பெய்திருந்தால் அந்தப் பூஜ்யம் அப்படியே நின்றிருக்கும். அப்படி ஏற்கெனவே எத்தனை நிற்கின்றன என்று இனிக் கண்டுபிடிக்க வழியில்லை.

அப்பாவின் நோட்டை எடுத்துப் பார்த்தேன். மன்னார்குடி பக்கத்தில் எங்கள் கிராமத்து வீட்டில் மழை அளந்தவர் அவர். கொல்லையில் மரநிழல் படாத இடத்தில் மழைமானி நிற்கும். கோடுகள் போட்ட அளவுக் கண்ணாடி சமையலறை அலமாரியின் மேல்தட்டில், பிள்ளைகள் கை எட்டாத இடத்தில் இருக்கும். வானொலியில் ‘இன்று காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில்’ என்று சொல்வார்களே, அதே எட்டரைக்கு அவரும் போவார். கண்ணாடியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, தண்ணீரின் நடுக்குழிவு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பார். பிறகு நீள நோட்டில் எழுதுவார். மழை இல்லாத நாளுக்கு 0. சில எண்களுக்குப் பக்கத்தில் ‘உழவு மழை’ என்று குறித்திருப்பார். ஏர் பூட்டுகிற அளவுக்கு மண் நனைந்திருக்கிறது என்று பொருள்.

அவர் பார்க்க முடியாத நாளுக்கு ஒரு கோடு. பக்கத்தில் ஒன்றிரண்டு சொல்லில் காரணம்: ‘கல்யாணம், கும்பகோணம்.’ ‘காய்ச்சல்.’ அம்மாவைத் தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த பதினொரு நாளும் வரிசையாகக் கோடு. அவற்றுக்கு மட்டும் காரணம் எழுதவில்லை. கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையைக் கடந்த 2018 நவம்பர் 16க்கு நேராக ‘மானி இல்லை’ என்று இருக்கிறது. தென்னை விழுந்து நசுங்கியிருந்தது. அந்த வாரம் முழுக்கக் கோடு. தோப்பே சாய்ந்து கிடந்த நாளிலும் நோட்டை எடுத்து, இன்று எனக்குத் தெரியவில்லை என்று பதிந்துவைத்திருக்கிறார். குத்துமதிப்பாக ஒரு எண்ணைப் போட்டிருந்தால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்?

யாரும் கேட்க மாட்டார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. பிரிட்டனில் 2020இல் கொரோனா முடக்கத்தின்போது, ரீடிங் பல்கலைக்கழகத்தின் எட் ஹாக்கின்ஸ் உதவி கேட்டதும் 16,000 பேர் வீட்டில் இருந்தபடியே பழைய மழைத் தாள்கள் 66,000ஐ எழுத்தெழுத்தாகப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். அவற்றில் மிகப் பழைய கணக்கு 1677இல் தொடங்குகிறது. பாதிரியாரும் தோட்டக்காரருமாக யார் யாரோ எழுதிவைத்தவை. எழுதியவர் போய்ச் சேர்ந்து நூறு வருடம் கழித்து அந்த எண்ணை நம்பி ஒருவர் கணக்குப் போடுகிறார். தெரியாத நாளைத் தெரியாது என்று விட்டவரைத்தான், தெரிந்த நாளிலும் நம்ப முடியும் என்று எனக்குப் படுகிறது.

கன்சோலின் மாத மொத்தத்திலிருந்து, இணைப்பு அறுவதற்கு முன்னால் பதிவானதைக் கழித்துப் பார்த்தேன். நான்கு நாளுக்கும் சேர்த்து 93.4 மி.மீ. ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 93 லிட்டருக்கு மேல் தண்ணீர். எந்த நாளுக்கு எவ்வளவு என்று பிரிக்கத்தான் முடியவில்லை. மீனம்பாக்கம் வானிலை நிலையத்தின் பதிவைப் பார்த்து அதே விகிதத்தில் பிரித்து எழுதினால் பட்டியல் நிறைந்துவிடும். கை கீபோர்டுவரை போனது. தாம்பரத்தின் 49, நுங்கம்பாக்கத்தின் 29 ஞாபகம் வந்தது, கையை எடுத்துவிட்டேன். கடைசி நாளுக்கு நேராக ‘4 நாள் சேர்த்து 93.4’ என்று எழுதி, மற்ற மூன்றுக்கும் கோடு போட்டேன். புரோகிராமில் அந்த ஒரு வரியையும் மாற்றச் சொல்லிவிட்டேன். பதில் வராவிட்டால் கட்டம் காலியாகவே இருக்கட்டும்.

கோடு போடும்போது அண்ணன் நினைவு வந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் தைத்துக்கொடுக்கும் சின்ன யூனிட் வைத்திருந்தார், பத்து மெஷின். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வேன். போன வருடம் ஆறேழு மாதம் அண்ணிதான் எடுத்தார். ‘குளிக்கிறாங்க தம்பி.’ ‘வெளிய போயிருக்காங்க தம்பி, நல்லாத்தான் இருக்காங்க.’ பதில் வந்துகொண்டிருந்தது. நானும் ஒவ்வொரு வாரத்துக்கும் நேராக நலம் என்று எழுதிக்கொண்டேன். யூனிட்டை மூடி, மெஷின்களை விற்றுக் கடனில் பாதியை அடைத்து, வேறொருவரிடம் கட்டிங் மாஸ்டராக அவர் வேலைக்குச் சேர்ந்துவிட்டது, ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

பூஜ்யத்தை எழுதிவிட்டால் அந்த நாளின் வேலை முடிந்துவிடுகிறது. கோடு போட்டால் வேலை பாக்கி இருக்கிறது. மாடி ஏறிப் பார்க்க வேண்டும். ‘இந்த மாதம் அண்ணனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று நான் ஒருமுறை எனக்குள் ஒத்துக்கொண்டிருந்தால், அன்று ராத்திரியே திருப்பூர் பஸ் ஏறியிருப்பேன். தங்கை வீட்டுக்கும், பழைய நண்பர்கள் இரண்டு பேருக்கும் நேராகக்கூட இப்படித்தான் எழுதிவைத்திருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது.

பந்தியில் கேள்விப்பட்ட மறுநாளே அண்ணனைப் போய்ப் பார்த்தேன். எந்த மாசம் மூடினீங்க, முதல்ல யார்கிட்ட வாங்கினீங்க, ஏன் ஒரு வார்த்தை சொல்லல என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். மொத்தம் அவர் முகத்திலேயே இருந்தது. அதை நாள்வாரியாகப் பிரித்துத் தரச்சொல்லிக் கேட்டிருக்கக்கூடாது.

மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். அவரே எடுத்தார்.

“அங்க பலமான மழையாமே. எவ்வளவுடா பேஞ்சுது?”

“நாலு நாளும் சேத்து 93 அண்ணே. தனித்தனியாத் தெரியல, நடுவுல இணைப்பு அறுந்துபோச்சு.”

“அப்ப என்ன எழுதுன?”

“கோடு போட்டுட்டேன்.”

“அப்பா நோட்டு மாதிரி” என்றார். பிறகு, “சித்திரையில ஒருநாள்டா...” என்று ஆரம்பித்தார். நான் டிவியை அணைத்துவிட்டு, கன்சோலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டேன்.