அடைக்கலமாக வந்த சொல்

பிறர் எழுதிய சொல்லைத் தன்னிடத்தில் வைத்துக் காப்பவனுக்கு அந்தச் சொல்லின் கதியில் எவ்வளவு பொறுப்பு உண்டு என்பது, வலைப்பதிவுத் தளம் நடத்துவோரின் முன் இன்று நிற்கும் கேள்வி. ஜெயமங்கலம் என்னும் ஊரிலிருந்து இதைச் சிந்திக்கும் எனக்கு, கம்பம் பள்ளத்தாக்கின் தென்மேற்கு எல்லையில், சித்திரா பௌர்ணமியன்று மட்டும் ஜனங்கள் மலையேறி வழிபடும் மங்கலதேவி கண்ணகி கோட்டமும், அதைவிட அழுத்தமாக, கண்ணகியை அடைக்கலமாக ஏற்ற மாதரியும் நினைவுக்கு வருகிறார்கள். கவுந்தியடிகள் ஒப்படைத்த பெண்ணைப் பரிவோடு காத்த அந்த ஆயர்குல முதுமகள், அவளுடைய கணவன் கொலையுண்டு அவள் வாழ்வு அழிந்தபின், ஏற்ற அடைக்கலத்தைக் காக்க இயலாத துயரத்தால் தீயிற் புகுந்தாள் என்பது சிலப்பதிகாரச் செய்தி. கொல்வித்தவன் அரசன், காவியத்தின் கொள்கைப்படி மூலகாரணம் ஊழ்வினை. மாதரியிடம் குற்றம் ஏதும் இல்லை என்று தர்க்கம் தீர்ப்பளிக்கும். ஆனால் தர்மம் அந்தத் தீர்ப்போடு திருப்தியடைவதில்லை.

ஒரே ஸ்தாபனத்தின் கூரையின்கீழ் கோடிக்கணக்கானோர் எழுதுமிடத்தில் இக்கேள்வி மங்கிப்போகிறது. 2009-இல் யாஹூ தன் ஜியோசிட்டீஸ் சேவையை மூடியபோது அங்கே குடியிருந்த எண்ணற்ற பக்கங்களில், தன்னார்வலர் சிலர் ஓடிச்சென்று மீட்டவை தவிர, பல அழிந்தே போயின. அடைக்கலம் என்ற உறவே அங்கு இல்லாததால், அதை இழந்தோம் என்று வருந்தவும் அங்கு ஒருவரும் இல்லை.

பரவலாக்கப்பட்ட வலைப்பின்னல்களின் இயல்பு வேறு. 2018 ஜனவரியில் தரநிலையாக ஏற்கப்பட்ட ஆக்டிவிட்டிபப் என்னும் நெறிமுறையின் வழியே, ரைட்ஃப்ரீலி போன்ற மென்பொருளில் இயங்கும் ஒரு சிறு வலைப்பதிவுத் தளமும் மாஸ்டடான் என்னும் சமூக வலைத்தள மென்பொருளின் வழங்கிகளும் தத்தம் சுதந்திரத்தை இழக்காமல் உறவாடுகின்றன. இங்கே ஒருவர் எழுதி வெளியிட்ட கணமே, அவரைப் பின்தொடர்வோர் இருக்கும் வழங்கிகளுக்கெல்லாம் அந்த எழுத்து அனுப்பப்பட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி தங்கிவிடுகிறது.

இவ்விடத்தில்தான் நம் முன்னோரின் கர்ம விசாரம் உயிர்பெற்று எழுகிறது. எழுதியவர் மனம் மாறித் தம் பதிவை நீக்கினால், அவருடைய தளம் மற்ற வழங்கிகளுக்கு நீக்கல் விண்ணப்பம் ஒன்றை அனுப்பும். நன்கு பராமரிக்கப்படும் வழங்கிகள் பெரும்பாலும் அதற்கு இணங்கும். இணங்காததையும், அவ்வேளையில் இயங்காமல் கிடந்ததையும் கட்டாயப்படுத்தும் அதிகாரமோ எவருக்கும் இல்லை. பலன் தரத் தொடங்கிவிட்ட வினை, செய்தவன் ஞானம் பெற்ற பின்னும் தன் வேகம் அடங்கும் வரை நடந்தே தீரும் என்று வேதாந்திகள் பிராரப்தத்தைப் பற்றிச் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தத்தை நான் கண்டதில்லை. ஆகவே தளத்தைக் காப்பவன், திரும்ப அழைக்க முடியாததை அழைத்துத் தருவதாக வாக்களிக்கலாகாது; வெளியிடு என்னும் பொத்தானுக்கு அருகிலேயே, இந்த எழுத்து எங்கெல்லாம் போகும் என்பதைச் சொல்லிவிடுவது அவன் கடமை. சத்தியத்துக்கு மேல் அவனிடம் வேறு பாதுகாப்பு இல்லை.

அரசன் இல்லாத உலகில் தீயோரை யார் தண்டிப்பது என்று சிலர் அஞ்சுகிறார்கள். 2019-இல் காப் என்னும் வெறுப்புக்குப் பேர்போன தளம் மாஸ்டடான் மென்பொருளை எடுத்துக்கொண்டு இவ்வலைப்பின்னலுக்குள் வந்தபோது, அதை வெளியேற்ற ஒரு தலைமை இல்லை. ஆனால் ஏராளமான வழங்கிகள் தனித்தனியே தங்கள் கதவை அடைத்துக்கொண்டன. எனக்கு இது பலவீனமாகத் தோன்றவில்லை. தன் வாசலில் யாரை அனுமதிப்பது என்ற விவேகத்தை மேலிடத்திடம் ஒப்படைத்துவிட்டுப் பாவம் தனக்கில்லை என்று இருக்கும் சுகம் இங்கே கிடைப்பதில்லை, அவ்வளவே.

மாதரியின் துயரத்தை இன்றைய காப்பாளன் ஏற்க வேண்டுமா? தன் கைக்கு எட்டாததற்கு வேண்டாம், எட்டுவதற்கு வேண்டும். மாஸ்டடான் தன் பட்டியலில் இடம்பெற விரும்பும் வழங்கிகளுக்கு விதித்துள்ள உடன்படிக்கை இந்த எல்லையை ஏறக்குறையச் சரியாகவே வரைந்திருக்கிறது: நாள்தோறும் காப்புப் பிரதி எடுக்க வேண்டும், அவசர காலத்தில் உள்ளே புக இன்னொருவரிடமாவது உரிமை இருக்க வேண்டும், மூடுவதானால் 3 மாதங்களுக்கு முன்பே அறிவிக்க வேண்டும். எழுதியவர் தம் எழுத்து முழுவதையும் எவருடைய தயவுமின்றி எடுத்துச்செல்லும் வழி முதல் நாளிலிருந்தே திறந்திருக்க வேண்டும் என்பதையும் அதனுடன் நான் சேர்ப்பேன். ஏனெனில் மாஸ்டடானில் ஒரு வழங்கியிலிருந்து மற்றொன்றுக்குக் குடிபெயர்பவருடன் அவரைப் பின்தொடர்வோர் வருகிறார்கள். ஆனால் அவர் இதுவரை எழுதிய பதிவுகள் பழைய இடத்திலேயே நின்றுவிடுகின்றன.