பெயர் சுட்டுவது எதை?

சிஎஸ்எஸ்ஸில் ஒரு கிளாஸுக்குப் பெயர் வைப்பது பழைய தருக்கக் கேள்வி ஒன்றை மறுபடி எழுப்புகிறது. சொல் சுட்டுவது தனிப்பொருளையா, அதன் உருவத்தையா, பலவற்றுக்கும் பொதுவான இயல்பையா? கௌதமரின் நியாய சூத்திரம் இவற்றை வியக்தி, ஆகிருதி, ஜாதி என்று பிரித்து, மூன்றும் சேர்ந்ததே சொல்லின் பொருள் என்று முடிவு சொல்கிறது.

இணையப் பக்கத்தில் மூன்றும் பிரிந்தே நிற்கின்றன. பக்கத்தில் ஓர் உறுப்புக்கு மட்டுமே உரிய ஐடி, வியக்தியின் பெயர். 'சிவப்புப்பெட்டி', 'இடப்பட்டை' போன்ற கிளாஸ்கள் ஆகிருதியைச் சொல்கின்றன. 'எச்சரிக்கை', 'துணைச்செய்தி' ஜாதியை. கைபேசித் திரையில் இடப்பட்டை கட்டுரைக்குக் கீழே இறங்கியதும் அதன் பெயர் பொய்யாகிவிடும். துணைச்செய்தி எங்கே போனாலும் துணைச்செய்திதான். எச்டிஎம்எல் தரநிர்ணயமும் தோற்றத்தைச் சொல்லும் பெயரைவிட உள்ளடக்கத்தின் இயல்பைச் சொல்லும் பெயரையே பரிந்துரைக்கிறது.

உருவம் மாறினாலும் பெயர் நிற்பதை மரத்திலும் பார்க்கலாம். சென்னை அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தின் தாய்த்தண்டு 1989இல் புயலில் சாய்ந்தது. விழுதுகள் ஊன்றி நிற்க, அது இன்றும் அடையாறு ஆலமரம்தான். தண்டின் பருமனை வைத்துப் பெயர் சூட்டியிருந்தால் அந்தப் பெயர் அன்றே செத்திருக்கும்.

பலவற்றுக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு என்பதைப் பௌத்தர் ஒப்பமாட்டார். காஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்று மரபு சொல்லும் திக்நாகரின் கருத்தில், ஜாதி என்று வெளியே ஒன்றும் இல்லை. 'பசு' என்ற சொல் பசு அல்லாதவற்றை விலக்குகிறது, அவ்வளவே. பிரவுசர் இந்தக் கட்சி. அதற்குக் கிளாஸ் பெயர் வெறும் எழுத்துக்கோவை. பொருந்தும் உறுப்புகளை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டினால் போதும். 'எச்சரிக்கை'யை எல்லா இடத்திலும் 'க1' என்று மாற்றினாலும் பக்கம் ஒரு புள்ளி நகராது. ஜாதி தேவைப்படுவது, அடுத்து அந்தக் கோப்பைத் திறப்பவருக்குத்தான்.

2017இல் வந்த டெயில்விண்ட் என்ற சிஎஸ்எஸ் கட்டமைப்பு ஆகிருதிப் பெயர்களையே நம்புகிறது: ஒரு கிளாஸ் ஓர் இடைவெளி, இன்னொன்று ஒரு நிறம். இதைப் பிழை என்று ஒதுக்குவது அவசரம். அந்தப் பெயர்கள் உருவத்துக்கு மேல் எதையும் சொல்வதாகக் காட்டிக்கொள்வதில்லை. ஜாதி, அந்தக் கிளாஸ்களைத் தாங்கும் காம்பொனன்ட்டின் பெயருக்குப் போய்விடுகிறது. இரண்டும் குழம்பும்போதுதான் கோளாறு: 'சிவப்புப்பெட்டி'க்குப் பச்சை நிறம் கொடுத்துவிட்டுப் பெயரை அப்படியே விட்டுவைப்பது.

பக்க அமைப்பில் இந்தப் பிரிவினை எளிது. தலைப்பகுதி, வழிசெலுத்தல், முதன்மைப்பகுதி, அடிப்பகுதி ஆகியவற்றுக்கு எச்டிஎம்எல்5 தனிக் குறிச்சொற்களே தந்திருக்கிறது. எது எங்கே நிற்பது என்பதை, 2017இல் பிரவுசர்களில் பரவிய சிஎஸ்எஸ் கிரிட் என்ற அமைப்பு முறை, தாய் உறுப்பிலேயே தீர்மானிக்க விடுகிறது; பிள்ளைகளின் பெயரில் இடமோ வலமோ நுழைய வேண்டியதில்லை.